சென்னை பால்கனிக்கு முதல் ஆர்க்கிட்: ஃபலெனாப்சிஸா, டென்ட்ரோபியமா, வண்டாவா?

தங்கச்சி போன வாரம் ஒரு நர்சரியில் நின்றுகொண்டு மூன்று படம் அனுப்பினாள். ஒன்றில் வெள்ளை ஃபலெனாப்சிஸ், ஒரே கொம்பில் வரிசையாகப் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி. அடுத்ததில் ஊதாவும் வெள்ளையும் கலந்த டென்ட்ரோபியம். மூன்றாவதில் மண்ணே இல்லாமல் மரக்கூடையிலிருந்து வேரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நீல வண்டா. கீழே ஒரு வரி: "அண்ணா, இதுல எது வாங்கட்டும்?"

"உன் பால்கனி எந்தப் பக்கம் பார்த்து இருக்கு? காலைல ஆறு மணிக்கு வீட்ல யாராவது இருப்பீங்களா?" என்று கேட்டேன். செடியைப் பற்றிக் கேட்டால் வீட்டைப் பற்றிக் கேட்கிறாயே என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் ஒன்பது வருஷமாகச் சென்னையில் மூன்றாவது மாடியில் ஆர்க்கிட் வளர்க்கிற எனக்கு வேறு வழியில் பதில் சொல்லத் தெரியவில்லை. கடையில் பார்க்கும் பூ, செடியை வளர்த்தவருடைய நிழல்வலைக் கூடாரத்தில் உருவானது. அடுத்த பூ நம் வீட்டு வெயிலிலும் காற்றிலும் தண்ணீரிலும்தான் வந்தாக வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இவை மரத்தைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுச்செடிகள். புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொள்ள இடம் கிடைத்தால் போதும். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெள்ளை உறை ஒன்று உண்டு. மழைத்துளி பட்டதும் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு பச்சையாக மாறும், அப்புறம் காற்றில் உலர்ந்து மறுபடி வெள்ளையாகும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். ஈரத்திலேயே கிடந்தால் வேருக்குக் காற்று போகாமல் அழுகிவிடும். அதனால்தான் ஆர்க்கிட்டைத் தோட்ட மண்ணில் நடக் கூடாது. நான் இழந்த செடிகளை எண்ணிப் பார்த்தால், சித்திரை வெயிலில் போனவற்றைவிட ஐப்பசி, கார்த்திகை மழையில் போனவைதான் அதிகம்.

ஃபலெனாப்சிஸ்: அறைக்குள் வாழும் ஒன்று

நான் முதலில் வாங்கியது இதைத்தான். பெரும்பாலோர் முதலில் வாங்குவதும் இதுவாகத்தான் இருக்கும். பூ இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்கும். மூன்றில் இதற்குத்தான் வெளிச்சம் மிகக் குறைவாகப் போதும். நேர் வெயில் பட்டால் இலை வெந்துவிடும், ஆனால் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரத்தில், மெல்லிய திரைக்குப் பின்னால் சந்தோஷமாக இருக்கும். பால்கனியே இல்லாத வீட்டுக்கு இந்த மூன்றில் வேறு தேர்வு இல்லை.

என்னுடையது நவம்பர் மழையில் செத்தது. கடையில் கொடுத்தபோது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பையில் ஸ்பாக்னம் என்ற பஞ்சு போன்ற காய்ந்த பாசியை இறுக்கி அடைத்து, அதை ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் வைத்திருந்தார்கள். அழகாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். தொடர்ந்து நான்கு நாள் மழை, சாரல் பால்கனிக்குள் அடித்தது. ஐந்தாம் நாள் நடு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

ஏன் அப்படி என்று பிறகுதான் புரிந்தது. ஃபலெனாப்சிஸுக்கு வளரும் முனை ஒன்றுதான், இலைகள் கூடும் குருத்தில். அங்கே தண்ணீர் தேங்கி அழுகினால் பெரும்பாலும் செடி முடிந்தது. காட்டில் இது மரத்தில் சாய்ந்து, இலைகள் கீழ்நோக்கித் தொங்க வளர்கிறது. மழைநீர் வழிந்து ஓடிவிடும். நாம்தான் அதைத் தொட்டியில் நிமிர்த்தி உட்கார வைத்து, குருத்தைக் கிண்ணமாக்கிவிடுகிறோம். இப்போது என்னிடம் இருக்கும் இரண்டையும் கொஞ்சம் சாய்த்தே நட்டிருக்கிறேன். தண்ணீரைக் காலையில் ஓரத்தில் ஊற்றுகிறேன், குருத்தில் பட்டால் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

இன்னொரு சிக்கல் மறுபடி பூக்க வைப்பது. ஃபலெனாப்சிஸ் பூந்தண்டு விடச் சில வாரங்களுக்காவது 25 டிகிரிக்குக் குறைந்த குளுமை வேண்டும். தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் இருந்தால் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். சென்னையில் மார்கழி, தை இரவுகள்தான் இதற்கு இயற்கையாகக் கிடைக்கும் வாய்ப்பு. அந்த இரண்டு மாதமும் செடியைச் சமையலறைப் பக்கம் வைக்காமல், இரவுக் காற்று படும் ஜன்னலில் வையுங்கள். தண்டு எட்டிப் பார்த்ததிலிருந்து பூ விரியக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும், பொறுமை வேண்டும். தினமும் இரவு ஏசி ஓடும் படுக்கையறை இருந்தால் அதுவும் உதவும். ஏசியின் காற்று நேராக இலைமேல் படக் கூடாது, அவ்வளவுதான்.

டென்ட்ரோபியம்: சமவெளிக்காரரின் செடி

கல்யாண மேடையிலும் ஓட்டல் வரவேற்பு மேசையிலும் நாம் பார்க்கிற ஊதா வெள்ளை ஆர்க்கிட், பெரும்பாலும் டென்ட்ரோபியம் கலப்பினம்தான். சோனியா என்ற வகை அதில் ரொம்பப் பிரபலம். தாய்லாந்து இதை ஏக்கர் கணக்கில் வளர்த்து உலகம் முழுக்க அனுப்புகிறது. அந்த ஊர் வெயிலும் புழுக்கமும் நம்முடையதற்குப் பக்கத்தில் இருப்பவை. நம் சமவெளியில் இது தயங்காமல் வளர்வதற்கு அதுவே காரணம்.

இதன் உடலமைப்பு வேறு. கரும்பு மாதிரி கணுக்கணுவான தடித்த தண்டுகள். அவற்றில் தண்ணீரும் உணவும் சேமிப்பாக இருக்கும். நீங்கள் சில நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஃபலெனாப்சிஸ் இலை துவளத் தொடங்கியிருக்கலாம், வண்டா வேர் சுருங்கியிருக்கும், டென்ட்ரோபியம் அப்படியே நிற்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒரு குணமே போதும் என்பேன். ஒரு தண்டு போனாலும் அடியிலிருந்து புதுத் தளிர் வரும். ஃபலெனாப்சிஸுக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பு இதற்கு எப்போதும் உண்டு.

இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டைப் பார்த்துக் காய்ந்துபோச்சு என்று வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். பச்சையாகவும் கெட்டியாகவும் இருந்தால் அது உயிருள்ள சேமிப்பு. புதுத் தண்டுக்கு உணவு அங்கிருந்துதான் போகிறது. அதன் நுனியிலேயே மறுபடி பூவும் வரலாம். சில சமயம் கணுவில் குட்டிச் செடி முளைக்கும், அதற்கு இரண்டு மூன்று அங்குல வேர் வந்ததும் பிரித்துத் தனியாக நடலாம். என்னிடம் இருக்கும் பதினொரு டென்ட்ரோபியத்தில் ஆறு அப்படி வந்தவை.

வெயில் விஷயத்தில் மட்டும் இது விட்டுக்கொடுக்காது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது வேண்டும், அல்லது 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நாள் முழுக்க வெளிச்சம் வேண்டும். இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், பூ வராது. கொஞ்சம் மஞ்சள் கலந்த இளம்பச்சைதான் சரியான நிறம். என் வீட்டில் ஒரு நல்ல செடி வருஷத்துக்கு இரண்டு முறை பூக்கிறது. ஒவ்வொரு முறையும் பூ ஆறு வாரம் போல நிற்கிறது. ஃபலெனாப்சிஸின் கம்பீரம் அதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பூவை நானே வரவழைத்தேன்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். டென்ட்ரோபியம் என்ற பெயரில் நோபில் வகையும் சில இடங்களில் விற்கிறார்கள். நுனியில் பூங்கொத்தாக வராமல், தண்டு முழுக்கக் கணுவுக்குக் கணு பூ ஒட்டிக்கொண்டிருந்தால் அது நோபில். இமயமலை அடிவாரத்துச் செடி. பூக்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் நல்ல குளிரும் வறட்சியும் வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல்காரர்கள் வாங்கலாம். சென்னையிலும் மதுரையிலும் வேண்டாம்.

வண்டா: ஆள் இருக்கும் வீட்டுக்கு

நாகர்கோவிலில் எங்கள் பெரியம்மா வீட்டு முற்றத்தில் பலா மரத்துக் கிளையிலிருந்து வண்டா தொங்கும். தினமும் காலையில் கூடையோடு இறக்கிக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் பத்து நிமிஷம் முக்கி வைப்பார். வேர் முழுக்கப் பச்சையானதும் எடுத்து மாட்டிவிடுவார். அவருக்கு அது வாசல் தெளிப்பது போல ஒரு காலை வேலை. அந்த ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். அங்கே பூத்த வண்டாவைப் பார்த்தவர்கள் வேறு ஆர்க்கிட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பூ, அதில் வலை பின்னியது போல நரம்பு.

அவர் கொடுத்த கன்றை நான் சென்னைக்குக் கொண்டுவந்தேன். கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து அடிக்கும் காய்ந்த காற்றுக்குக் காலை ஒரு முறை முக்குவது போதவில்லை, மாலையும் வேண்டியிருந்தது. ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்தேன். அடி இலைகள் மஞ்சளாகி, தோலில் சுருக்கம் விழுந்திருந்தது. வண்டாவுக்குச் சேமிப்புத் தண்டு கிடையாது. வேரைச் சுற்றிக் கரியோ தேங்காய் மட்டையோ இல்லாமல் வெறும் காற்றில் தொங்குவதால் ஈரத்தைப் பிடித்து வைக்கவும் எதுவும் இல்லை. அந்தச் செடி பிழைத்தது, ஆனால் உதிர்ந்த அடி இலைகள் திரும்ப முளைக்கவில்லை. கீழே மொட்டைத் தண்டும் மேலே இலையுமாகத்தான் இன்றும் இருக்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். டென்ட்ரோபியத்தையும் ஃபலெனாப்சிஸையும் உள்ளே எடுத்து வைக்க நான் ஓடும்போது, வண்டா சாரலில் ஆடிக்கொண்டு இருக்கும். தேங்க இடமே இல்லாததால் வேர் அழுகல் பயம் அதற்கு ரொம்பக் குறைவு.

சிங்கப்பூரின் தேசிய மலராக 1981இல் அறிவிக்கப்பட்ட வண்டா மிஸ் ஜோக்கிம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெயரை இப்போது பாப்பிலியோனாந்தே என்று மாற்றியிருக்கிறார்கள். அதன் இலை பென்சில் மாதிரி உருண்டையாக இருக்கும், முழு வெயில் கேட்கும். மொட்டைமாடி வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும். தட்டையான இலை கொண்ட வண்டாவுக்கு முழு வெயில் ஆகாது, பாதி நிழல் வேண்டும். வாங்கும்போது இலையைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

வண்டா என்ற பெயர் சமஸ்கிருதத்திலிருந்து போனது. நம் ஊர் மரங்களிலேயே வண்டா தெசலேட்டா என்ற வகை தானாக வளர்கிறது, பழுப்பும் பச்சையுமாகச் சிறிய பூவோடு. காட்டிலிருந்து அதைப் பறித்துக்கொண்டு வந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். அப்படி லட்சத்தில் ஒன்றாகப் பிழைத்த செடியைத்தான் பிடுங்கி எடுக்கிறோம். 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர், பூஞ்சை இல்லாமல் சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்க வைக்கும் முறையை வெளியிட்டார். பிறகு திசு வளர்ப்பும் வந்தது. இன்று நர்சரியில் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் கலப்பினங்கள் ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் பிறந்தவை. அவை இருக்கும்போது காட்டுச் செடியில் கை வைக்க அவசியமே இல்லை. காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள்.

தொட்டிக்குள் என்ன போடுவது

செடியைத் தேர்ந்தெடுத்த பிறகு இதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லாம் வீண். அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுச்சில்லும் சேர்ந்த கலவைதான் சென்னை டென்ட்ரோபியத்துக்கு என் தேர்வு. சீக்கிரம் உலரும், வருஷக்கணக்கில் மக்காது, மழைக்குப் பயம் குறைவு. தேங்காய் மட்டைத் துண்டு மலிவு, ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். கோடையில் அது நல்லது, மழைக்காலத்தில் அதுவே கெடுதல். இரண்டு வருஷத்தில் மக்கிவிடும். புதிய மட்டையை அப்படியே போடாதீர்கள், தண்ணீரை மாற்றி மாற்றி நான்கைந்து நாள் ஊற வைத்தால் அதன் கறையும் உப்பும் இறங்கும். நான் கரியோடு கால் பங்கு மட்டை சேர்ப்பது வெயில் அதிகமாக விழும் தொட்டிகளுக்கு மட்டும்.

ஸ்பாக்னம் பாசி குளிர் ஊருக்கு அருமையானது. இங்கே ஏசி அறையில் இருக்கும் ஃபலெனாப்சிஸுக்கு அதைத் தளர்வாகப் போடலாம், பால்கனியில் வேண்டவே வேண்டாம். பைன் மரப்பட்டை ஃபலெனாப்சிஸுக்குப் பொருத்தம், விலைதான் கொஞ்சம் அதிகம். தொட்டி எதுவானாலும் பக்கவாட்டிலும் ஓட்டை இருக்கட்டும். அளவும் சின்னதாகவே இருக்கட்டும். செடி பெரிதாகட்டும் என்று பெரிய தொட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் உலராமல் நிற்கும்.

தண்ணீரைப் பற்றி யாரும் கடையில் சொல்வதில்லை. எங்கள் அடுக்குமாடியின் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. ஒரு வருஷம் அதையே ஊற்றினேன், கரித்துண்டின் மேல் வெள்ளைப் படிவம், வேர் நுனியெல்லாம் கறுப்பு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீர் அதைவிட மோசம், உப்பு முழுக்க அதில்தான் சேருகிறது. வீணாகிறதே என்று அதை ஆர்க்கிட்டுக்கு ஊற்றிவிடாதீர்கள். மழைநீர்தான் உத்தமம். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு டிரம் பிடித்து, கொசு போகாதபடி துணி கட்டி மூடி வைத்தால் பத்துச் செடிக்குப் பல மாதம் வரும். அது தீர்ந்தால் போர்வெல் நீரோடு ஆர்.ஓ. குடிநீரைப் பாதிக்குப் பாதி கலக்கிறேன்.

உரம் எளிது. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம், ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கு மேல் போகாமல், வாரம் ஒரு முறை. நனைந்த வேரில்தான் தெளிக்க வேண்டும், காய்ந்த வேரில் பட்டால் எரிந்துவிடும். மழைக்காலத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஆன்சிடியம், கேட்லியா என்று வேறு பெயர்களும் கடையில் இருக்கும். முதல் செடி தேறிய பிறகு அவற்றை யோசிக்கலாம். கடையில் விற்கும் பெரிய பூ சிம்பிடியம் கலப்பினம் மட்டும் சமவெளிக்கு எப்போதுமே வேண்டாம். குளிர்ந்த மலை இரவுகள் இல்லாமல் அது பூக்காது. ஊட்டியில் பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர், நால்வர் வீட்டிலும் இன்று அது புல் மாதிரி நிற்கிறது.

சரி, தங்கச்சிக்கு என்ன சொன்னேன்? அவள் வீடு சோழிங்கநல்லூரில், ஏழாவது மாடி. பால்கனி மேற்குப் பார்த்தது. மாற்றி மாற்றி ஷிஃப்ட் வேலை, மாப்பிள்ளையும் அப்படியே. வண்டாவை அங்கேயே நீக்கிவிட்டேன். அவள் மாமியார் ஊரிலிருந்து வந்து நிரந்தரமாகத் தங்குவதாக இருந்தால் சரி, அவருக்குச் செடி என்றால் உயிர். இப்போதைக்கு அந்த வீட்டில் தினம் இரண்டு வேளை தண்ணீருக்கு ஆள் இல்லை. ஏழாவது மாடிக் காற்று என் வீட்டுக் காற்றைவிட இரண்டு மடங்கு வேகமாக உலர்த்தும் என்பதும் இருக்கிறது.

ஃபலெனாப்சிஸ் அவளுடைய படுக்கையறை ஜன்னலுக்குப் பொருந்தும், இரவு ஏசியும் ஓடுகிறது. ஆனால் முதல் செடியாக வேண்டாம் என்றேன். எப்போது வேர் உலர்ந்திருக்கிறது, எப்போது இன்னும் ஈரம் இருக்கிறது என்று கண் பழகுவதற்கு ஒரு வருஷமாவது ஆகும். அந்தப் பழக்கம் வருவதற்குள் குருத்து ஒரு முறை அழுகினால் மனசே விட்டுப்போகும். எனக்கு அப்படி ஆகி, அடுத்த செடி வாங்க இரண்டு வருஷம் எடுத்தது.

"அப்ப அந்த ஊதாவா?" என்றாள். ஆமாம். அதிலும் பூவோடு இருப்பதைவிட, அடியில் புதுத் தளிரும் அதில் பச்சை நுனியோடு வேரும் வந்திருக்கும் செடியாகப் பார்த்து எடுக்கச் சொன்னேன். இரண்டு எடுத்தாள். மேற்கு வெயிலுக்கு 50 சதவீத வலை கட்டி, கைப்பிடிச் சுவருக்கு ஒரு அடி உள்ளே தள்ளிக் கம்பியில் மாட்டியிருக்கிறாள். தொட்டிகள் காற்றில் சாயாமல் இருக்கக் கம்பியோடு கட்டியும் விட்டாள், செடி ஆடினால் புது வேர் பிடிக்காது என்பதால். முதல் பத்து நாள் உரம் வேண்டாம், இடத்தை மாற்றவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளை ஃபலெனாப்சிஸ் இன்னும் அவள் மனசில் இருக்கிறது. அடுத்த வருஷம் மழை முடிந்து மார்கழி பிறந்ததும் சேர்ந்தே போய் வாங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.